பத்திரத்தில் இல்லாதவள்

எங்கள் பகுதியில் வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்கு ஒரு பருவம் உண்டு. புரட்டாசி முடியும்போது அது தொடங்கும். கார்த்திகை தீபத்துக்கு முன்னால் வெள்ளையடித்து, கட்டிலும் கொசுவலையும் போட்டு, மாடியில் ஒரு குளியலறை சேர்த்துவிட்டால், மாத வாடகைக்கு விட்ட வீட்டை நாள் வாடகைக்கு விடலாம். மாசி வரை வெளிநாட்டவர்கள் இருப்பார்கள். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறவர்கள் ஓர் இரவுக்கு அறை தேடுவார்கள். ரமணாசிரமம் பகுதியில், செங்கம் சாலையை ஒட்டிய தெருக்களில், குடும்பமாக வாழ்கிறவர்களைவிட வந்து போகிறவர்களிடம் அதிகம் வாங்கலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

எதிர்வீட்டு அக்காவிடம் அந்தக் கணக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குச் சொல்லப்பட்டது. அக்கா வாசற்படியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கணவர் வேலைக்குப் போயிருந்தார், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். வீட்டுக்காரம்மா கேட்டுக்கு வெளியே நின்றபடி, “மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடும்மா. பையனுக்கு வீடு வேணும்” என்றார். அக்கா முறத்தைக் கீழே வைக்கவில்லை. “அவர்கிட்ட சொல்றேம்மா” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அந்த ஒரு வரிதான் என்னை இதை எழுத வைக்கிறது. பதினோரு வருடமாக அந்த வீட்டில் இருப்பவர் அக்கா. அட்வான்ஸ் கொடுக்க அடகுக்குப் போனது அவருடைய வளையல். மாதம் ஐந்தாம் தேதி வாடகையை எண்ணிக் கொடுத்தவரும் அவரே. எந்தச் சுவரில் ஈரம் இறங்கும், மோட்டார் எப்போது மக்கர் செய்யும் என்று அந்த வீட்டின் உரிமையாளரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் காலி செய்யச் சொன்னபோது, அது தன்னிடம் சொல்லப்பட்ட செய்தி என்று அவர் நினைக்கவில்லை. வேறொருவருக்கு வந்த தபாலை வாங்கி வைப்பதுபோல வாங்கி வைத்தார்.

காலி செய்யச் சொல்வது பெண்ணிடம். மூட்டை கட்டுவதும் பெண். ‘வாடகைதாரர்’ என்று எழுதும் கோட்டில் மட்டும் ஆணின் பெயர், சில வீடுகளில் அந்தக் கோடும் இல்லை. இந்த இடைவெளியைத் தமிழ் சினிமா எப்படிப் பார்த்திருக்கிறது, சட்டம் எப்படிப் பார்த்திருக்கிறது என்று இரண்டு படங்களையும் சில சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நினைக்கிறேன்.

வெளியேறுதல் என்ற சொல்

வீட்டைவிட்டு வெளியேறுவது இந்த ஊரில் பெருமைக்குரிய செயல். 1896 ஆகஸ்ட் 29 அன்று, ஒரு கடிதத்தை மட்டும் எழுதிவைத்துவிட்டு மதுரையிலிருந்து கிளம்பிய பதினாறு வயது வேங்கடராமன், செப்டம்பர் 1 அன்று அண்ணாமலையார் கோயிலுக்குள் நுழைந்தார். ரமணர் என்று உலகம் அவரைப் பின்னாளில் அறிந்தது. மகனை வீட்டுக்குத் திருப்பி அழைத்துப்போக வந்து ஏமாந்து திரும்பிய தாய் அழகம்மாள், பல வருடங்கள் கழித்து மலைமேல் மகனோடு இருக்கவே வந்துவிட்டார். 1922இல் அவர் இறந்தார். அடிவாரத்தில் அவருடைய சமாதியைச் சுற்றித்தான் இன்றைய ஆசிரமம் எழுந்தது.

ஒரு தாயின் சமாதிமீது எழுந்த ஆசிரமத்தில், அந்தக் காலத்தில் பெண்கள் இரவு தங்கும் வழக்கம் இல்லை. இருட்டுவதற்குள் அவர்கள் வெளியே போய்விட வேண்டும். கணவரையும் பெற்ற பிள்ளைகளையும் பறிகொடுத்துவிட்டு இங்கே வந்து சேர்ந்த எச்சம்மாள், ஊருக்குள் வீடு வைத்துச் சமைத்து, நாள்தோறும் மலைக்குச் சுமந்துபோய்க் கொடுத்தார். துறவிக்குக் குகை போதும். துறவிக்குச் சோறு கொண்டுவருகிறவருக்கு அடுப்பு வேண்டும். அடுப்புக்குக் கூரையும் கதவும் வேண்டும்.

இதை யாரையும் குறைசொல்ல எழுதவில்லை. ‘வெளியேறுதல்’ என்ற ஒரே சொல் ஆணுக்கு ஒன்றாகவும் பெண்ணுக்கு வேறாகவும் இருப்பதை இந்தத் தெருக்களில் தினமும் பார்க்கிறோம். அவன் போனால் துறவு. அவள் போனால், “எங்க போனா? யார்கூட இருக்கா?” வாடகை வீடு பறிபோவதை ஒரு பெண்ணின் கண் வழியாகப் பார்க்க வேண்டுமென்றால், இந்த வேறுபாட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

அமுதாவின் ஒரு மாதம்

செழியன் இயக்கிய ‘டூ லெட்’ 2007ஆம் ஆண்டுச் சென்னையில் நடக்கிறது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பெருகி வாடகை தாறுமாறாக ஏறிய காலம். சினிமாவில் வேலை பார்க்கும் இளங்கோ, மனைவி அமுதா, சிறுவன் சித்தார்த் மூவரும் இருக்கும் வீட்டை ஒரே மாதத்தில் காலி செய்யச் சொல்கிறார் வீட்டுக்காரம்மா. அந்த ஒரு மாதம்தான் படம். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது.

பின்னணி இசை இல்லாத படம். அதனால் குழாய்ச் சத்தம், பாத்திரச் சத்தம், மின்விசிறி, படிக்கட்டில் செருப்பு என்று வீட்டின் சத்தங்கள் மட்டும் கேட்கின்றன. ஒரு வீட்டில் நாள் முழுவதும் இருக்கிறவளுக்குக் கேட்கும் சத்தங்கள் இவை. வீட்டுக்காரம்மாவின் காலடி மேலே நகர்வதை முதலில் அறிந்துகொள்கிறவளும் அவள்தான். ஷீலா ராஜ்குமார் நடித்த அமுதா அதிகம் பேசுவதில்லை. தண்ணீர் பிடிக்கிறாள், துணி காயப்போடுகிறாள், பிள்ளை கிறுக்கிய சுவரைப் பார்க்கிறாள். அந்தச் சுவரில் பிள்ளை வரைந்த படம் அவளுக்குப் பிள்ளையின் படம். வீட்டுக்காரருக்கு அது அட்வான்ஸில் கழிக்க வேண்டிய பெயிண்ட் செலவு.

அவர்கள் இன்னும் குடியிருக்கும்போதே அந்த வீட்டைப் பார்க்க அடுத்த குடித்தனக்காரர்கள் வருகிறார்கள். நம்மில் பலர் அனுபவித்தது இது. முன்பின் தெரியாதவர்கள் சமையலறைக்குள் எட்டிப்பார்ப்பார்கள். குளியலறைக் கதவைத் திறப்பார்கள். காயும் உள்ளாடையை அவசரமாக எடுத்து மறைக்க வேண்டும். உன் வீடு இனி உன் வீடு இல்லை என்பது அவ்வளவு பச்சையாகத் தெரியும் நேரம் வேறில்லை. அதைத் திரையில் காட்டியதற்காகவே இந்தப் படத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் படத்தோடு எனக்கு இரண்டு வழக்குகள் உண்டு.

முதலாவது: காலி செய்யச் சொல்லும் குரல் ஒரு பெண்ணுடையது. முகம் சுளிக்கிறவள், அதட்டுகிறவள், கெடு வைக்கிறவள் எல்லாம் வீட்டுக்காரம்மாதான். இது பொய்யில்லை. எங்கள் தெருவிலும் அப்படித்தான். ஆனால் ஏன் அப்படி? பத்திரம் பெரும்பாலும் வீட்டுக்கார ஐயாவின் பெயரில் இருக்கிறது. வாடகை வசூலிப்பது, தண்ணீருக்குச் சண்டை போடுவது, காலி செய்யச் சொல்வது ஆகிய கரடுமுரடான வேலைகள் அம்மாவின் தலையில் விழுகின்றன. சொத்து அவருக்கு, கெட்ட பெயர் இவளுக்கு. வாசலின் இந்தப் பக்கம் பத்திரத்தில் பெயரில்லாத ஒருத்தி, அந்தப் பக்கமும் பெரும்பாலும் அப்படி ஒருத்தி. இருவரும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். ‘டூ லெட்’ இந்த இரண்டாவது பெண்ணை ஒரு வில்லியின் அளவோடு நிறுத்திக்கொண்டது. அவள் யார் சார்பில் பேசுகிறாள் என்று கேட்டிருந்தால் படம் இன்னும் கூர்மையாகியிருக்கும்.

இரண்டாவது: இந்தக் கதையைச் சட்டம் எங்கும் நகர்த்துவதில்லை. 2007இல் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம், 1960 நடைமுறையில் இருந்தது. வாடகையைக் கூட்டி வேறொருவருக்கு விட வேண்டும் என்பது அந்தச் சட்டத்தில் குடியிருப்பவரை வெளியேற்ற ஒரு காரணமே அல்ல. வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தல், உள்வாடகைக்கு விடுதல், உரிமையாளருக்கு உண்மையாகவே குடியிருக்கத் தேவைப்படுதல், இடித்துக் கட்டுதல் என்று காரணங்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்றை வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் நிரூபித்து உத்தரவு பெற்ற பிறகுதான் வெளியேற்றலாம். வீட்டுக்காரம்மா வாயால் வைத்த கெடு ஒரு விருப்பம் மட்டுமே. இளங்கோவுக்கும் அமுதாவுக்கும் அது கோர்ட் தீர்ப்பாகக் கேட்டது.

இதைப் படத்தின் குறையாக மட்டும் சொல்ல முடியாது. நம் வாழ்க்கையும் அப்படித்தான் இருக்கிறது. “மாசக் கடைசிக்குள்ள” என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குத் தோன்றும் முதல் கேள்வி, அடுத்த வீடு எங்கே என்பதுதான். “எந்தக் காரணத்துக்காக?” என்று கேட்பதை நம் வாய் பழகவில்லை. அமுதாவும் கேட்கவில்லை, எதிர்வீட்டு அக்காவும் கேட்கவில்லை. “பையனுக்கு வீடு வேணும்” என்ற வார்த்தைக்குப் பழைய சட்டத்தில் ஒரு பூட்டு இருந்தது. சொந்தத் தேவை என்று சொல்லி உத்தரவு வாங்கிய உரிமையாளர் ஒரு மாதத்துக்குள் குடிவராவிட்டாலோ, வந்து ஆறு மாதத்துக்குள் தக்க காரணமின்றிக் காலி செய்துவிட்டாலோ, வெளியேற்றப்பட்டவர் அதே வீட்டைத் திருப்பிக் கேட்டு விண்ணப்பிக்கலாம். பொய் சொல்லி வாங்கிய வீட்டைச் சட்டம் திருப்பித் தரச் சொல்லும் என்பது எத்தனை பெண்களுக்குத் தெரிந்திருக்கும்?

சுதாவின் வீடு, மங்கம்மாவின் வீடு

பாலு மகேந்திராவின் ‘வீடு’ 1988இல் வந்தது. அதுவும் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்ற படம். சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. சொந்த வீடு கட்டும் கதை என்றே அதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அது ஒரு வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிவந்ததில் தொடங்குகிறது என்பது மறந்துபோகிறது. தாத்தா, தங்கை, சம்பளம் வாங்கும் சுதா. இங்கே குடும்பத்தைத் தாங்குகிறவள் ஒரு பெண். “அவர்கிட்ட சொல்றேன்” என்று சொல்ல அவளுக்கு ஆள் இல்லை.

வாடகை வீட்டின் நிச்சயமின்மைக்கு அவள் கண்டுபிடிக்கும் விடை சொந்த வீடு. நம் வீடுகளிலும் அதுதான் விடை. “ஒரு குழி நிலமாவது வாங்கிப் போடு” என்று அம்மாக்கள் சொல்வார்கள். படம் அந்த விடையை உடைக்கிறது. கடன், அனுமதி, சிமெண்ட் திருடும் ஒப்பந்தக்காரர் எல்லாவற்றையும் தாண்டிச் சுவர் எழும்போது, அந்த நிலம் குடிநீர் வாரியத்துக்காக எப்போதோ கையகப்படுத்தப்பட்டது என்று அதிகாரிகள் வந்து நிற்கிறார்கள். வாடகை வீட்டிலிருந்து துரத்தப்பட்டவள் சொந்த வீட்டிலும் துரத்தப்படுகிறாள். இந்த முறை கையில் பத்திரம் இருக்கிறது. அதுவும் போதவில்லை.

அந்தப் படத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் முகம் மங்கம்மாவுடையது. கட்டட வேலைக்கு வரும் சித்தாள். சிமெண்ட் திருட்டைச் சுதாவிடம் சொல்வது அவள்தான். வேலைபோகும் என்று தெரிந்தும் சொல்கிறாள். அந்த வீட்டைக் கையால் எழுப்புகிறவளுக்கு அந்த வீட்டில் பங்கில்லை. எங்கள் பகுதியில் எழும் மூன்று மாடி விடுதிகளுக்குச் செங்கல் சுமக்கும் பெண்களைப் பார்க்கும்போது மங்கம்மா நினைவுக்கு வருகிறாள். அவர்களில் சிலர், இடிக்கப்பட்ட ஓட்டு வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள். தாம் வெளியேற்றப்பட்ட மனையில் தாமே கட்டட வேலைக்கு வருகிறார்கள்.

காகிதம் கேட்கும் சட்டம்

‘டூ லெட்’ திரைக்கு வந்தது 2019 பிப்ரவரி 21. மறுநாள், பிப்ரவரி 22 அன்று, 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் ஒரு புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் அது. தற்செயல்தான். ஆனால் திரையரங்கில் அமுதாவைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர்களுக்குச் சட்டம் மாறியிருந்தது.

ஒரு சட்டத்தையும் இலக்கியம்போலவே வாசிக்கலாம். யாரைக் கண்ணில் வைத்து எழுதியிருக்கிறார்கள், யாரை விட்டுவிட்டார்கள் என்று கேட்கலாம். 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் குறைகள் இருந்தன. வழக்குகள் வருடக்கணக்கில் இழுத்தன. ஒரே ஒரு போர்ஷனின் வாடகையில் காலம் தள்ளிய விதவைகளும் உரிமையாளர்களாக இருந்தார்கள், அவர்களும் கோர்ட் வாசலில் காத்துக் கிடந்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சட்டம் குடியிருப்பவரிடம் காகிதம் கேட்கவில்லை. வாய்ப்பேச்சில் குடிவந்தவருக்கும் அது பொருந்தியது. வாடகைதாரர் இறந்துபோனால், கூடவே வாழ்ந்த மனைவியும் மகளும்கூட ‘வாடகைதாரர்’ என்ற சொல்லுக்குள் வந்தார்கள்.

புதிய சட்டம் எழுத்தை மையத்தில் வைக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். பழைய வாய்மொழிக் குடித்தனங்களும் எழுத்துக்கு வர வேண்டும் என்றார்கள். கெடு வைத்தார்கள், நீட்டித்தார்கள். நல்ல விஷயம்தானே என்று தோன்றும். 21ஆம் பிரிவைப் படித்தால் வயிறு கலங்கும். பழைய குடித்தனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே வீட்டைத் திரும்பப் பெறுவதற்கான காரணங்களில் முதலாவதாக இருக்கிறது. தவறியது யார்? உரிமையாளர் கையெழுத்துப் போட மறுத்தாலும், அதன் விளைவாக வீட்டை இழக்க நேர்வது குடியிருப்பவர்தான்.

எழுத்து யாருக்கு எளிதாகக் கிடைக்கிறது? அலுவலக அடையாள அட்டையோடு வரும் ஆணுக்குக் கிடைக்கிறது. தனியாக வரும் பெண், கணவனைப் பிரிந்தவள், தலித், முஸ்லிம், திருநங்கை என்றால் வீடு கிடைப்பதே ‘இரக்கப்பட்டு’. “உன் நிலைமையைப் பார்த்துதாம்மா குடுக்கறேன்” என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தவரிடம் ஒப்பந்தத்தை நீட்ட முடியுமா? “என்ன ஆளுங்க, கவுச்சி சாப்பிடுவீங்களா, ராத்திரி எத்தனை மணிக்கு வருவீங்க, கூட யார் வருவாங்க” என்ற கேள்விகளையெல்லாம் தாண்டி வந்தவளுக்கு, இன்னொரு காகிதம் கேட்கத் துணிவு மிச்சம் இருக்காது. இரக்கத்தால் வந்த வீடு இரக்கம் தீர்ந்ததும் போய்விடும்.

சட்டத்தில் நமக்கு உதவும் வரிகளும் உண்டு. அவற்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளைத் துண்டிக்கக் கூடாது என்கிறது 20ஆம் பிரிவு. துண்டித்தால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம், உடனே திருப்பிக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு கேட்கலாம். வீட்டுக்காரர் நினைத்த நேரத்தில் உள்ளே நுழைய முடியாது, 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். அமுதாவின் சமையலறையில் எட்டிப்பார்த்தவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் அதே வரியில், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் என்று ஒரு சன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் அந்தச் சன்னல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

கோயில் ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சமய, அறநிறுவனங்களின் கட்டடங்களை இந்தச் சட்டத்திலிருந்து அரசு அறிவிக்கை மூலம் விலக்க இடம் இருக்கிறது. பழைய சட்டத்தின் காலத்திலும் 1976இல் ஓர் அரசாணை அத்தகைய நிறுவனங்களின் கட்டடங்களை வெளியே எடுத்தது. கோயிலுக்குச் சொந்தமான இடமென்றால் இந்து சமய அறநிலையத் துறைச் சட்டத்தின் 78ஆம் பிரிவு வருகிறது. குத்தகைக் காலம் முடிந்த பிறகும் இருப்பவர் அதன்படி ‘ஆக்கிரமிப்பாளர்’. இருபது வருடம் வாடகை கட்டிய பூக்காரப் பாட்டியும் ஒரு நாளில் அந்தச் சொல்லுக்குள் போய்விடலாம். இந்த ஊரில் வீடு பிடிக்கும்போது, இடம் யாருடையது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வது அதனால்தான் அவசியம்.

அவர் போய்விட்டால்

இதுவரை சொன்ன சட்டங்கள் வீட்டு வாசலோடு நின்றுவிடுகின்றன. உரிமையாளர் ஒரு பக்கம், வாடகைதாரர் ஒரு பக்கம். கதவுக்கு உள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குள் ஒருவர் மற்றவரை வெளியேற்ற முடியும் என்பது அவற்றின் பார்வையில் இல்லை. அந்தக் கதவைத் திறந்து உள்ளே பார்த்தது 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம்.

அது ‘பகிர்ந்து வாழும் இல்லம்’ என்று ஒரு சொல்லைக் கொண்டுவந்தது. சொந்த வீடாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. கணவர் பெயரிலோ இருவர் பெயரிலோ வாடகைக்கு எடுத்த வீடும் அதில் அடங்கும். பத்திரத்தில் பெயர் இல்லாவிட்டாலும் அங்கே வசிக்கும் உரிமை அவளுக்கு உண்டு என்கிறது 17ஆம் பிரிவு. அவளை வெளியேற்றுவதையும், அந்த வீட்டின் மீதான தன் உரிமையைக் கணவன் கைவிடுவதையும் நீதித்துறை நடுவர் தடுக்கலாம். தேவைப்பட்டால் அதே தரத்தில் வேறு வீடு பார்த்துக் கொடுக்கவோ, அதற்கான வாடகையைக் கட்டவோ உத்தரவிடலாம் என்கிறது 19ஆம் பிரிவு. “நான் ஓனர்கிட்ட சாவியைக் குடுத்துட்டேன், நீ எங்கயாவது போ” என்று சொல்லும் கணவனுக்கு இது பதில்.

அதே 2005இல் உச்ச நீதிமன்றம் பி.பி. அச்சலா ஆனந்த் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. பெங்களூரில் வாடகை வீடு. வாடகைதாரரான கணவர் விட்டுவிட்டுப் போய்விட்டார். உரிமையாளர் வழக்குப் போட, கணவருக்கு அதை நடத்த அக்கறையில்லை. அந்த வீட்டிலேயே இருக்கும் மனைவி தன்னையும் கேளுங்கள் என்று வந்தார். கைவிடப்பட்ட மனைவி வாடகை வீட்டில் தொடர்ந்து இருந்தால், கணவர் எடுத்துவைத்திருக்கக்கூடிய எல்லா வாதங்களையும் அவள் எடுத்துவைக்கலாம் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அவளுடைய உரிமை அவனுடையதைவிடப் பெரியதல்ல. விவாகரத்து ஆனதும் அந்த நிலை முடிந்துவிடுகிறது. அந்தப் பெண்ணுக்கு வழக்கு நடக்கும்போதே விவாகரத்து ஆகியிருந்தது. சட்டத்தை மற்றவர்களுக்காகத் திறந்துவைத்துவிட்டு, அவர் தோற்றார்.

முன்னேற்றம்தான். ஆனாலும் கவனியுங்கள். அவள் அங்கே மனைவியாகத்தான் நிற்கிறாள். பதினோரு வருடம் எண்ணிக் கொடுத்த வாடகைக்காக, அந்த வீட்டை வீடாக வைத்திருந்த உழைப்புக்காக அவளுக்கு உரிமை வரவில்லை. திருமண உறவு என்ற குடையைப் பிடித்துக்கொண்டுதான் மழைக்கு ஒதுங்க முடிகிறது. இரண்டு தோழிகளாகச் சேர்ந்து வீடு எடுத்தவர்களுக்கு அந்தக் குடை இல்லை.

முறத்தைக் கீழே வைத்த பிறகு

எதிர்வீட்டு அக்காவின் கதைக்கு வருகிறேன். ஒரு வாரம் அவர் வீட்டில் யாரும் எதுவும் பேசவில்லை. பிறகு ஒரு மாலை என் வீட்டுக்கு வந்து, “பரிட்சை நேரத்துல எங்கன்னு போறது?” என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினோம். பதினோரு வருடமாகக் குடியிருப்பது, மாத வாடகை, கொடுத்த அட்வான்ஸ், வாய்மொழியாகக் காலி செய்யச் சொன்ன தேதி. எந்தக் காரணத்தால் என்பதை எழுத்தில் தர வேண்டும் என்ற வேண்டுகோள். கையெழுத்துப் போடும் இடத்தில் அக்கா தயங்கினார். “அவர் பேரு போடணுமா?” “ரெண்டு பேரும் போடுங்க” என்றேன். பதிவுத் தபாலில் அனுப்பினோம். அடுத்த மாத வாடகையைக் கையில் கொடுக்காமல் வங்கிக் கணக்கு வழியாக அனுப்பினார், ‘வீட்டு வாடகை’ என்று குறிப்பெழுதி. அதுவே அவருடைய முதல் ரசீது.

வழக்கு எதுவும் நடக்கவில்லை. வீட்டுக்காரம்மா ஒரு மாதம் முகம் கொடுக்கவில்லை. இரண்டு நாள் தண்ணீர் வரவில்லை. மோட்டார் ரிப்பேர் என்றார்கள். பிறகு பேச்சுவார்த்தை. முழு ஆண்டுத் தேர்வு முடியும்வரை இருந்துவிட்டு, பெயிண்டுக்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸைக் கையில் வாங்கிக்கொண்டு, அக்கா சித்திரையில் போனார். இதை வெற்றி என்று சொல்ல மாட்டேன். அவர் அந்தத் தெருவில் இல்லை. அந்த வீட்டில் இப்போது ஆங்கிலத்தில் ஒரு பலகை தொங்குகிறது. வீடு கேட்ட பையன் வரவில்லை. ஆனால் ஒரு மாதக் கெடு ஆறு மாதம் ஆனது. பிள்ளைகள் தேர்வு எழுதினார்கள்.

காகிதம் இல்லாதவர்களுக்கும் வழி அடைத்துவிடவில்லை. மாத வாடகைக் குடித்தனத்தை முடிக்கக் குறைந்தது 15 நாள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டத்திலேயே இருக்கிறது. அறிவிப்புக் கொடுத்த பிறகும், ஆளைவைத்துச் சாமான்களை வெளியே எறியவோ பூட்டை மாற்றவோ யாருக்கும் அதிகாரமில்லை. சட்ட வழியில்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு உடைமையைத் திரும்பப் பெறலாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் நேரில் கேட்கலாம், 15100 என்ற எண்ணிலும் பேசலாம். ஒப்பந்தம் எழுதினால், உரிமையாளர் வராவிட்டாலும் பதிவுக்கு வாடகைதாரரே விண்ணப்பிக்கலாம்.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். இன்று வீட்டுக்குப் போனதும், வாடகை வீடென்றால், ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். இருக்கிறதா? யார் பெயரில் இருக்கிறது? உங்கள் அம்மாவின் பெயர் எங்காவது வருகிறதா? இல்லையென்றால் அடுத்த முறை புதுப்பிக்கும்போது, அப்பாவின் பெயருக்குக் கீழே அம்மாவின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். அதற்காகச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. ஒரு வரி எழுதினால் போதும்.

அக்கா புது வீட்டுக்குப் போனபோது அதைத்தான் செய்தார். போனில் சொன்னார், “என் பேரும் போட்டிருக்கு. ஸ்பெல்லிங் மட்டும் தப்பா இருக்கு.” திருத்தச் சொல்லியிருக்கிறாராம்.